நான் பிடித்திருந்த கயிறு

தேன் எடுக்கப் பாறை உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கும்போது, மேலே அந்தக் கயிற்றைக் காத்து நிற்கும் உரிமை எங்கள் போடி மலையில் வாழும் பளியர்களிடம் ஒருவனுக்குத்தான் உண்டு. அவன் இறங்குகிறவனுடைய மனைவியின் கூடப்பிறந்தவன். பெற்ற அப்பனாக இருந்தாலும் சரி, சொந்த அண்ணனாக இருந்தாலும் சரி, தள்ளித்தான் நிற்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் என்றைக்காவது ஒரு நாள் மனக்கசப்பு வரும், கை தடுமாறும். மச்சான் விடமாட்டான். விட்டால் தாலி இழப்பது அவன் தங்கச்சி. இதை எனக்குச் சொன்னவனுக்கு அப்போது பத்து வயது. எனக்கும் பத்து.

இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. போடியில் நான் நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தவன். கோயில் காரியம், பள்ளிக்கூடக் காரியம், யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் என்னை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். அந்த மரியாதை வரவர எனக்கு எரிச்சலைத்தான் தருகிறது. என்னைத் தெரிந்த ஒருவன் அந்த மலையில் இருந்தான், அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த நாற்காலியெல்லாம் எனக்கு ஏது? அவன் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கம். அம்மாவுக்கு அது பிள்ளை பிறக்க வேண்டிய மாதம். எனக்குப் பின் இரண்டு தங்காமல் போயிருந்ததால் வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடமாடினார்கள். அந்த வீட்டில் கோடை விடுமுறைக்கு ஒரு பையன் பந்து அடித்துக்கொண்டு திரிந்தால் யாருக்குப் பொறுக்கும்? அப்பா என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடிவாரம் வரை ஜீப்பு, அதற்கு மேல் நடை. அரிசி மூட்டை ஏற்றிய கழுதைகளுக்குப் பின்னால் ஏறி, உச்சியில் இருந்த எங்கள் ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது எனக்குக் காலும் இல்லை, பேச்சும் இல்லை.

தோட்டத்து வீட்டில் சமையல்காரர், கங்காணி, நான். அப்பா வாரம் ஒருமுறை போடிக்கு இறங்கி ஏறுவார். கோடை மழை இரண்டு விழுந்திருந்ததால் ஏலச்செடிகளின் அடியில் சரம் விட்டுப் பூ வைத்திருந்தது. பூவுக்குத் தேனீக்கள் வந்திருந்தன. தேனீக்கள் வந்ததால் பளியர்களும் வந்து, தோட்டத்துக்குச் சற்றுக் கீழே பாறை ஒதுக்கில் ஆறேழு குடிசை போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் வருஷா வருஷம் எங்கள் தோட்டத்தில் காவல் இருப்பார், களை வெட்டுவார். காட்டு நாரில் கயிறு திரிப்பதில் அவரைப்போல் ஆள் அந்த மலையில் இல்லை என்று கங்காணியே சொல்வார், அவர் லேசில் யாரையும் புகழ்கிறவர் இல்லை. அந்தக் கயிறு திரிக்கிறவரின் மகன்தான் என் சிநேகிதன்.

முதல் நாள் அவன் என்னைச் 'சின்ன மொதலாளி' என்று கூப்பிட்டான். அவன் அப்பா என் அப்பாவை மொதலாளி என்றார், அதனால் இவன் கணக்குக்கு நான் சின்னவன். ஒரு வாரத்தில் அது போய், 'ஏ', 'இந்தா' என்று ஆனது. அவன் குடிசையில் சுட்ட வள்ளிக்கிழங்கைத் தேனில் தோய்த்துத் தின்பேன். அவன் அம்மா நான் தின்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இன்னொன்றைத் தோல் உரித்துத் தருவாள். அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் சமையல்காரர் முற்றத்தில் இலையைப் போட்டுச் சோறு வைப்பார். "அகத்துக் கேறாத மோனே, அவிட இரி" என்று, உள்ளே வராமல் அங்கேயே உட்காரும்படி, மலையாளத்தில் அன்பாகத்தான் சொல்வார். அவன் வெளியே உட்கார்ந்து சாப்பிடுவான், நான் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவேன், சன்னல் வழியாகப் பேசிக்கொள்வோம். அதில் ஏதும் கோணல் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. அவனோடு சண்டை போட முடியாது. ஒரு தடவை என் கவணை அவன் உடைத்துவிட்டான் என்று கன்னத்தில் அறைந்தேன். உடைத்தது நான்தான், அது வேறு கதை. அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான், எழுந்தான், போய்விட்டான். இரண்டு நாள் ஆளைக் காணோம். மூன்றாம் நாள் கை நிறையக் காட்டுப்பழத்தோடு வந்து நின்றான்.

"கோவம் வரலையாடா உனக்கு?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. போயிட்டேன்" என்றான்.

அவர்கள் எல்லோருமே அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மனம் ஒடிந்தால் கத்த மாட்டார்கள், கை ஓங்க மாட்டார்கள். அந்த இடத்தை விட்டுப் போய்விடுவார்கள். கோபம் வந்தால் தட்டு பறக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அது ரோஷம் கெட்டதனமாகத் தெரிந்தது. ரோஷம் என்றால் என்னவென்று எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

அவன் அப்பா அவனுக்கென்று ஒரு சின்னக் கயிறு திரித்துக் கொடுத்திருந்தார். பெரியவர்களின் கயிற்றைப்போலவே மூன்று புரி, ஆனால் பையன் கைக்குத் தக்கபடி மெல்லியது. அதை அவர் நாலு நாளாகத் திரித்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முடித்ததும் ஒரு கிளையில் கட்டி அவரே தொங்கிப் பார்த்து, மகனையும் தொங்கச் சொல்லி, அப்புறம் என்னையும் தொங்கச் சொன்னார். மூன்று பேரும் சேர்ந்து தொங்கினோம். கிளைதான் முனகியது.

தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பாறை இருந்தது. மூன்று ஆள் உயரம் இருக்கும். அதன் நடுவில் ஒரு வெடிப்பு, வெடிப்புக்குள் அடுக்குத்தேன். அவனுக்கு அதை எடுத்தாக வேண்டும். ஆனால் கயிற்றைப் பிடிக்க மச்சான் வேண்டுமே! அவன் பாறை மேல் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தான்.

"உனக்குத் தங்கச்சி இருக்கா?"

"இல்ல. அம்மாவுக்கு இனிமேதான் பிள்ளை பொறக்கப் போகுது."

"பொம்பளப் பிள்ளையா?"

"அது எப்படிடா தெரியும்?"

"பொம்பளப் பிள்ளையாப் பொறந்தா எனக்குக் குடுத்துரு. அப்ப நீ எனக்கு மச்சான். கயித்தைப் பிடிக்கலாம்."

"சரி" என்றேன்.

அவ்வளவுதான். எங்கள் ஊரில் இந்தப் பேச்சை வளர்ந்தவர்கள் இரண்டு பேர் பேசியிருந்தால் அரிவாள் எடுத்திருப்பார்கள். நாங்கள் மூக்கு ஒழுகிக்கொண்டு ஒரு கல்யாணத்தை நிச்சயம் செய்தோம். அன்றிலிருந்து நான் அவனுக்கு மச்சான். அந்தச் சொல்லை அவன் வாய் நிறையச் சொல்வான். போடியில் என்னை அப்படிக் கூப்பிட ஒரே ஒருவன்தான் உண்டு, என் தாய்மாமா மகன். அவன் என்னைவிட நாலு வயது மூத்தவன், கூப்பிடும்போதெல்லாம் தலையில் ஒரு குட்டும் சேர்த்துத்தான் கொடுப்பான். குட்டு இல்லாத மச்சான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பெரியவர்கள் கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு, மச்சானைப் பக்கத்தில் காவலுக்குத்தான் உட்கார வைப்பார்கள். நாங்கள் கட்டவில்லை. "கட்டிட்டா மச்சான் எதுக்கு?" என்று அவன் கேட்டான், எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பாறை உச்சியில் இருந்த வேரில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் அவன் இறங்குவான். அரிவாளும் என் பக்கத்திலேயே இருக்கும். வேறு யாரும் கயிற்றை வெட்டிவிடக் கூடாது என்பதற்காக அரிவாள் மச்சானிடம்தான் இருக்க வேண்டுமாம். தினமும் இறங்கிப் பழகினான். கால்வாசி தூரம், பாதி தூரம் என்று ஒவ்வொரு நாளும் வெடிப்புக்கு நெருங்கினான். அவன் எடை என் உள்ளங்கையில் இருந்தது. என்னை நம்பி ஒருவன் தொங்குகிறான் என்று நெஞ்சு நிமிர்ந்து நின்றேன். அப்படி நான் அதற்குப் பிறகு எங்கேயும் நின்றதில்லை.

தேன் எடுப்பதென்று வைத்த நாள் காலையில் அவன் பச்சிலையைப் புகைய வைத்து, ஒரு மூங்கில் சிம்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினான். வெடிப்புக்குக் கை எட்டிவிட்டது. "மச்சான், அப்படியே பிடி" என்றான். பிடித்தேன்.

அப்போதுதான் கீழே பாதையில் ஆள் வரும் சத்தம் கேட்டது. அப்பா போடியிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் என் மாமா மகன் ஓட்டமாக வந்தான். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு ஓடைப் பள்ளம். உச்சியில் நின்ற என்னை அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். கீழே தொங்கியவனைப் புதர் மறைத்திருந்தது.

"ஏலே! உனக்குத் தங்கச்சி பொறந்திருக்குடா!" என்று மாமா மகன் கையை வீசிக் கத்தினான்.

எனக்குச் சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை. கயிற்றின் மறுமுனையிலிருந்து அவன் குரல் பாறையில் மோதி மலை முழுக்கக் கேட்டது.

"மச்சான்! பொறந்துருச்சு மச்சான்! எனக்குப் பொண்டாட்டி பொறந்துருச்சு! இனி நீ நெசமாவே மச்சான்!"

அப்பா நின்றார். மாமா மகன் கையைத் தூக்கியபடியே நின்றான். பிறந்த பெண் குழந்தை முறைப்படி அவனுக்கு உரியவள் என்று வீட்டில் அவள் பிறந்ததிலிருந்தே அவனைக் கேலி செய்திருப்பார்கள். அப்பாவின் முகம் அத்தனை தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது. அவர் என் கையைப் பார்த்தார். கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

கை நழுவிவிட்டது என்று இங்கே எழுதலாம். எண்பது வயதுக்காரன் சொன்னால் யார் குறுக்கே கேட்கப் போகிறார்கள்? நழுவவில்லை. திருடித் தின்னும்போது பிடிபட்ட பிள்ளை கையை விரித்து, என்னிடம் ஒன்றுமில்லை என்று காட்டுவதுபோல இரண்டு கையையும் விரித்தேன். அப்பாவைப் பார்த்துக்கொண்டே விரித்தேன். கயிறு வேரைச் சுற்றிச் சரசரவென்று ஓடி, நுனி ஒரு துள்ளுத் துள்ளி மறைந்தது.

அவன் கத்தவில்லை. அடியில் கல் மேல் விழுந்த சத்தம்தான் வந்தது.

நான் அரிவாளை ஏன் எடுத்துக்கொண்டு இறங்கினேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். எடுக்கும்போதே தெரிந்துதான் எடுத்தேன். பக்கவாட்டில் சறுக்கி இறங்கிப் போனால், அவன் மல்லாந்து கிடக்கிறான், ஒரு கால் தொடையிலிருந்து திரும்பிக் கிடக்கிறது. கயிறு அவன் மேலேயே கிடந்தது, நுனியிலிருந்து நுனிவரை ஒரு பழுதில்லாமல். அந்தக் கால் என்னைப் பயமுறுத்தியதைவிட அந்தக் கயிறுதான் அதிகம் பயமுறுத்தியது. அப்பாவும் மாமா மகனும் ஓடையைச் சுற்றி வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். கயிற்றின் நடுவை ஒரு கல் மேல் வைத்து வெட்டினேன். மூன்று வெட்டு தேவைப்பட்டது. அவ்வளவு கெட்டியான கயிறு.

அவன் கண் திறந்துதான் இருந்தது. "ஏன் மச்சான் வெட்டுற?" என்று கேட்டான். நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"சும்மா கிட" என்றேன். கயிற்றில் மேலே இருந்திருக்க வேண்டிய பாதியைப் புதருக்குள் எறிந்தேன், அரிவாளை இலைக்கு அடியில் தள்ளினேன்.

அப்பா வந்தார். அவனைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த கோபம் போய்விட்டது. அவர் கெட்டவர் இல்லை. குனிந்து அவன் தலையைத் தூக்கித் தன் துண்டைச் சுருட்டி அடியில் வைத்தார். "என்னடா ஆச்சு?" என்றார் என்னிடம்.

"கயிறு அத்துப்போச்சுப்பா."

அவர் அவன் பக்கம் திரும்பினார். "அப்படியாடா?"

அவன் என்னைப் பார்த்தான். கன்னத்தில் அறைந்த அன்றைக்குப் பார்த்தானே, அதே பார்வை. உதடு வெளுத்திருந்தது.

"ஆமா மொதலாளி. அத்துப்போச்சு" என்றான்.

அவன் அப்பாவுக்கு யாரோ போய்ச் சொல்லி அவர் ஓடிவந்தார். மகனின் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அங்கே கிடந்த கயிற்றுத் துண்டை எடுத்தார். வெட்டிய முனையைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினார். என் அப்பா, "என்னப்பா நீ, பிள்ளைக்குக் குடுக்கிற கயிறு இப்படியா திரிக்கிறது?" என்று கேட்டார். அவர் என் பக்கம் திரும்பினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை, அதனால் நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். அந்தத் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மகனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் மாமா மகன் என்னை மடக்கினான். "அந்தப் பய உன்னை என்னமோ மச்சான்னானே, என்னடா அது? பொண்டாட்டிங்கிறான்?"

"அவனுக எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவானுக. கூறு கெட்டவனுக" என்றேன். வாய் கூசவில்லை. அவன் சிரித்துவிட்டுத் தலையில் ஒரு குட்டு வைத்தான். என் கை விரிந்ததை அவனோ அப்பாவோ புரிந்துகொண்டார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா ராசிங்காபுரத்துக்கு ஆள் அனுப்பி, எலும்பு கட்டுகிற வைத்தியர் ஒருவரை மலைக்கு வரவழைத்தார். அவர் வந்து சேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது. கங்காணி அவரைக் கூட்டிக்கொண்டு பாறை ஒதுக்குக்குப் போனால் குடிசைகள் காலி. ஆறேழு குடும்பமும் போய்விட்டிருந்தது. அடுப்புச் சாம்பல் ஆறிக் கிடந்ததாம். அப்பாவுக்கு வந்ததே கோபம். "உதவி பண்ணலாம்னு ஆளைக் கூட்டியாந்தா, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டானுகளே! இவனுகளை நம்பி எப்படிச் சோலி பார்க்கிறது?" என்று கங்காணியைப் பிடித்துக் கத்தினார். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. அந்த நிம்மதிக்காக நான் வெட்கப்படுகிற அளவுக்குக் கயிற்றை விட்டதற்காகக்கூட வெட்கப்பட்டதில்லை. பத்து வயதுப் பிள்ளை பயத்தில் கையை விரித்துவிடலாம். கால் ஒடிந்தவன் வைத்தியம் இல்லாமல் காட்டுக்குள் போனதைக் கேட்டு நிம்மதியாகச் சோறு தின்றதற்கு என்ன சொல்வது?

போடிக்கு இறங்கியதும் தங்கச்சியைக் காட்டினார்கள். சிவப்புத் துணியில் கைமுட்டி அளவு முகம். தூக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அம்மா, "இவனுக்குப் பொறாமை, பாரேன்" என்று சிரித்தாள். பொறாமை இல்லை. அவளைக் கொடுக்கிறேன் என்று ஒருவனிடம் சொல்லியிருந்தேன், அவனைக் கீழே போட்டுவிட்டேன். தூக்கினால் அவளையும் போட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவள் தவழ ஆரம்பித்து, தானே வந்து என் காலைப் பிடித்துக்கொள்ளும்வரை நான் அவளைத் தொடவில்லை.

வருஷங்கள் போயின. பதினாறு வயதில் அப்பாவின் ஏலக்காய்க் கடையில் விடுமுறை நாட்களில் நானும் வேலை பார்ப்பேன். ஒரு நாள் ஜீப்பிலிருந்து லோடு இறக்கும்போது ஒரு மூட்டை கை தவறி விழுந்து தையல் சணல் அறுந்துவிட்டது. காயை அள்ளிப் போட்டுவிட்டு அடுத்த மூட்டையின் சணலைக் கத்தியால் வெட்டினேன். இரண்டு சணல் துண்டும் என் கையில் இருந்தன. அறுந்தது முனையில் நார்நாராக, நீளமும் குட்டையுமாகப் பிரிந்திருந்தது. வெட்டியது மொட்டையாக நின்றது. குழந்தைக்குக்கூடத் தெரியும். கயிறு திரிப்பதே தொழிலாக இருந்தவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாரே! தடவிய மாத்திரத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். என் அப்பா அவர் கயிற்றைக் குறை சொன்னபோது, கையில் அதற்கான சாட்சியை வைத்துக்கொண்டே பேசாமல் நின்றிருக்கிறார். கோபம் வந்திருக்கிறது. போயிருக்கிறார்கள்.

அதன்பின் மலையிலிருந்து யார் வந்தாலும் விசாரிப்பேன். தேவாரம் பக்கம் இருக்கிறார்கள் என்பார்கள், இல்லை, அந்தப் பக்கம் கேரளாவுக்குள் போய்விட்டார்கள் என்பார்கள். பார்த்தால் என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நான்தான் விட்டேன், நான்தான் வெட்டினேன், உன் அப்பாவின் கயிறு நல்ல கயிறு. இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

அந்தப் பத்தாண்டு முடிகிற சமயம். நான் மதுரையில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு ரயிலில் வந்திருந்தேன். கடையில் முன்பக்கம் பெண்கள் நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மத்தியான நேரம். வாசலில் தேன் டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவன் நின்றான். ஒரு கால் குட்டையாக, வெளிப்பக்கம் வளைந்திருந்தது. முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

வெளியே போனேன். அவனும் என்னை அடையாளம் கண்டுவிட்டான். டின்னை இறக்கி வைத்தான்.

"நல்லா இருக்கீகளா மொதலாளி?" என்றான்.

சின்ன மொதலாளிகூட இல்லை. நான் வளர்ந்துவிட்டேன் அல்லவா?

"இருக்கேன். நீ?" என்றேன். மனப்பாடம் செய்தது அத்தனையும் எங்கோ போய்விட்டது. "இப்பவும் தேன் எடுக்க இறங்குறியா?" என்று அறிவு கெட்டுப்போய்க் கேட்டேன். கேட்டபிறகுதான் அவன் காலைப் பார்த்தேன்.

அவன் சங்கடப்படவில்லை. "இறங்க முடியாதே. தங்கச்சியைக் கட்டிக் குடுத்திருக்கோம். அவ வீட்டுக்காரர் இறங்குறாரு. நான் மேல இருந்து கயித்தைப் பார்த்துக்கிறேன்."

"அப்பா?"

"இருக்காரு. அவருதான் இன்னும் கயிறு திரிக்கிறாரு." என் முகத்தைப் பார்க்காமல் டின்னின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான். "அவரு திரிச்சதுல ஒண்ணுகூட அத்ததில்ல மொதலாளி."

அந்த ஒன்றுக்குத்தான் அவன் என்னிடம் நியாயம் கேட்டான். தன் காலைப் பற்றிக் கேட்கவில்லை. அப்பாவின் கயிற்றுக்காக மட்டும் ஒரு வார்த்தை சொன்னான். நான் "தெரியும்" என்றேன். அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். நிஜமாகவே சொல்லியிருப்பேன்.

"அண்ணே! அம்மா சாப்பிடக் கூப்பிடுது, வெரசா வரணுமாம்!" என்று தங்கச்சி தெருவில் ஓடிவந்தாள். எட்டு வயது, இரட்டைச் சடை. வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அவனை அண்ணாந்து பார்த்தாள்.

அவனும் அவளைப் பார்த்தான். முகம் மெல்ல விரிந்தது. "அன்னைக்குப் பொறந்த பிள்ளையா?" என்று என்னிடம் கேட்டான். தலையாட்டினேன். அவன் சிரித்தான். மலையில் கிழங்கு தின்னும்போது சிரித்த அதே சிரிப்பு, கள்ளமில்லாதது.

தங்கச்சி என் கையை இழுத்தாள். "யாருண்ணே இவரு?"

காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி தலையைத் தூக்கினாள். உள்ளே தராசுக்குப் பக்கத்தில் அப்பா யாரோ வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் எங்களைப் பார்க்கக்கூட இல்லை. எனக்குப் பதினெட்டு வயது. அடிப்பார் என்று பயப்படும் வயது இல்லை. கேட்டது ஒரு குழந்தை, எதிரில் நிற்பது அவன். உண்மையைச் சொல்ல உலகம் எனக்கு வேறு என்ன வசதி செய்து கொடுக்க முடியும்?

"நம்ம தோட்டத்துல முன்னாடி வேலை பார்த்தாருல்ல, அவரு மகன்" என்றேன்.

அவன் சிரிப்பு உடனே போகவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகுதான் போனது. அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ஆமா பாப்பா" என்றான்.

பாறைக்கு அடியில் கிடந்து என் அப்பாவிடம் சொன்ன அதே 'ஆமா'. அன்றைக்கு என் பொய்யைக் காப்பாற்றுவதற்காக அதைச் சொன்னான். இன்றைக்கும் அதற்குத்தான் சொன்னான். டின்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு, காலை வளைத்து வளைத்து வைத்து, கடைத்தெருக் கூட்டத்துக்குள் போய்விட்டான். எங்களிடம் அவன் தேன் விற்கவே இல்லை. அதன்பின் அவன் போடிக்கு வந்ததாக யாரும் சொல்லவில்லை.

தங்கச்சியை என் மாமா மகனுக்கே கட்டிக்கொடுத்தோம். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். கண் தெரிகிறவள் அவள்தான், எனக்கு இப்போது எதையும் வாசித்துக் காட்டுகிறவளும் அவள்தான். இதையும் அவள்தான் முதலில் வாசிப்பாள்.

ஆத்தா, கடை வாசலில் நின்று, யாருண்ணே இவரு என்று நீ என்னைக் கேட்டாய். நான் சொன்னது பொய். அவன் என் மச்சான்.